பாலும் வெண்ணெயும் இல்லாமல் வாஃபிள் மொறுமொறுவென்று வருமா?

கீழக்கரையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். 7 வயது மகனுக்குப் பால் சேராது. துபாயிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒரு வாஃபிள் மேக்கர், அதாவது இரண்டு சூடான அச்சுத் தட்டுக்கு நடுவில் மாவை ஊற்றிச் சுடும் மின்சாதனம், கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், பையன் தினமும் காலையில் அதைக் காட்டிக் கேட்கிறான். பாலுக்குப் பதில் கெட்டியான முதல் தேங்காய்ப்பால், வெண்ணெய்க்குப் பதில் நெய் ஊற்றிச் செய்து பார்த்திருக்கிறார். மேலே வெளிறிப்போய், உள்ளே களி மாதிரி இருந்ததாம், மூடியைத் திறந்தபோது பாதி மேல் தட்டிலும் பாதி கீழ்த் தட்டிலும் ஒட்டிக்கொண்டு இரண்டாகப் பிளந்துவிட்டதாம். "பால் இல்லாமல் வாஃபிள் வரவே வராதா, இல்லை கடையில் விற்கும் பாதாம் பால், ஓட்ஸ் பால் மாதிரி ஏதாவது வாங்க வேண்டுமா?" என்பது கேள்வி.

சகோதரி, நீங்கள் கேட்டது எந்தப் பால் வாங்க வேண்டும் என்று. ஆனால் உங்கள் பிரச்சினை பாலில் இல்லை. வெளிறிப்போனதற்கு ஒரு காரணம், களியானதற்கு ஒரு காரணம், ஒட்டிக்கொண்டதற்கு வேறொரு காரணம். மூன்றையும் பிரித்துப் பார்த்தால் கீழக்கரைச் சந்தையில் கிடைக்கும் தேங்காயை வைத்தே அருமையான வாஃபிள் சுடலாம், எதையும் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டாம். நான் கேட்டரிங் படித்தவன், மண்டபம் பக்கம் கடலோர விடுதி ஒன்றில் 11 வருடம் காலைச் சாப்பாட்டுப் பொறுப்பில் இருந்தேன், வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு வாஃபிள் சுட்டே என் பாதிக் காலை போகும். அதனால் சமையல் பற்றி உறுதியாகச் சொல்வேன். உடம்பு பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் டாக்டரிடம் போகச் சொல்வேன்.

முதலில் அந்த நெய். இதைத்தான் படித்தவுடன் எனக்குப் பதறியது. நம் ஊரில் "பால் சேராது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், அதற்குள் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி குடலில் குறைவாக இருப்பது. வயிறு உப்பும், வலிக்கும், பேதியாகும், ஆனால் உயிருக்கு ஆபத்து இல்லை. இவர்களில் பலருக்கு நெய்யில் தொந்தரவே வராது, ஏனென்றால் நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை. இன்னொன்று ஒவ்வாமை, அதாவது பாலில் இருக்கும் கேசீன், வே போன்ற புரதங்களை உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்குவது. இதில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் வரை போகலாம். இவர்களுக்கு நெய்யும் ஆகாது, எவ்வளவு தெளிய உருக்கினாலும் துளியளவு புரதம் அதில் தங்கியிருக்க வாய்ப்பு உண்டு. லாக்டோஸ் நீக்கிய பால் என்று விற்பதும் இவர்களுக்கு உதவாது, அதில் புரதம் அப்படியேதான் இருக்கிறது. ஆட்டுப்பால் கொடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள், அதன் புரதம் பசும்பாலின் புரதத்தை ஒத்தது, பெரும்பாலானோருக்கு அதுவும் சேராது. உங்கள் மகனுக்கு இந்த இரண்டில் எது என்று குழந்தை மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சுட்ட பலகாரத்தில் கலந்த பால் மட்டும் சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் அதை வீட்டில் நாமாகச் சோதித்துப் பார்க்கவே கூடாது. கீழே நான் சொல்வதெல்லாம் ஒவ்வாமை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, நெய்கூட இல்லாத அளவு. அப்புறம், முட்டை பால் பொருள் இல்லை. பால் சேராத பிள்ளைக்கு முட்டை தனியாக ஆகாது என்று டாக்டர் சொல்லாதவரை தாராளமாகப் போடலாம்.

இதில் என் கையால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். விடுதியில் சேர்ந்த மூன்றாவது வருடம், பால் ஒவ்வாமை உள்ள ஒரு சிறுமி பெற்றோருடன் வந்திருந்தாள். முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அன்றைக்குத் தேங்காய் துருவ ஆள் இல்லை, நான் ஒரு தேங்காய்ப்பால் பவுடர் பாக்கெட்டைப் பிரித்துக் கரைத்து வாஃபிள் சுட்டுக் கொடுத்தேன். தேங்காய்தானே என்ற நினைப்பு. இரண்டாவது துண்டு தின்னும்போதே அவள் உதட்டைத் தேய்க்க ஆரம்பித்தாள், பத்து நிமிஷத்தில் கழுத்தெல்லாம் தடிப்பு. அவள் அம்மா கையிலேயே மருந்து வைத்திருந்தார், ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனோம், சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. திரும்பி வந்து அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் பொடி எழுத்தில் சோடியம் கேசினேட் என்று இருந்தது. அது பாலிலிருந்து எடுக்கும் புரதம். பவுடர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைவதற்காகப் பல தேங்காய்ப்பால் பவுடர்களில் அதைச் சேர்க்கிறார்கள். டீயில் போடும் பாலில்லாத வெள்ளைப் பவுடரிலும் இதே கதைதான். அன்றிலிருந்து பாக்கெட்டின் முன்பக்கத்தை நான் நம்புவதில்லை. இந்தியாவில் விற்கும் பாக்கெட்டுகளில் பால் கலந்திருந்தால் ஒவ்வாமைக் குறிப்பாக அதை எழுத வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது, அந்த வரியைத் தேடிப் படியுங்கள். மார்ஜரின், ரெடிமேட் வாஃபிள் மாவு, சாக்லேட் சிரப், பிரெட் தூள் என்று நினைத்தே பார்க்காத இடத்தில் பால் திடப்பொருள் இருக்கும். அந்த வாஃபிள் மேக்கரில் நெய் ஊற்றியாகிவிட்டது அல்லவா, அதையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியாலும் மிருதுவான டூத் பிரஷ்ஷாலும் பள்ளம் பள்ளமாகத் துடைத்து எடுத்துவிட்டு அப்புறம் தொடங்குங்கள். மின்சாரத்தைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், தண்ணீரில் முக்க வேண்டாம்.

இப்போது சமையலுக்கு வருவோம். வாஃபிளில் பால் என்ன வேலை செய்கிறது? பாலில் பெரும்பங்கு தண்ணீர்தான், அது மாவை இளக்கிச் சூட்டில் ஆவியாகி மாவைத் தூக்குகிறது. அதிலுள்ள புரதமும் லாக்டோஸும் சூட்டில் சேர்ந்து வினைபுரிந்து பொன்னிறமும் வாசனையும் தருகின்றன. கொழுப்பு கொஞ்சம் மென்மை தருகிறது, வெண்ணெய் இன்னும் கொழுப்பைக் கொடுத்து ஒட்டாமல் காக்கிறது. தேங்காய்ப்பாலில் கொழுப்பு ஏராளம், ஆனால் பாலை விடப் புரதம் குறைவு, லாக்டோஸ் கிடையாது. அதனால்தான் உங்கள் வாஃபிள் வெளிறியது. முதல் பாலை மட்டும் ஊற்றியதால் தண்ணீர்ப் பங்கு குறைந்து கொழுப்புப் பங்கு ஏறிவிட்டது, ஆவி போதவில்லை, மாவு கனத்து உள்ளே களியாக நின்றுவிட்டது. இந்த இரண்டும் உறுதியான காரணங்கள். ஒட்டியதற்கு அச்சின் சூடுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம், நீங்கள் எவ்வளவு நேரம் காய வைத்தீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் வெளிறிய வாஃபிள் பிளந்தது என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அதுதான்.

யோசித்துப் பாருங்கள், பெருநாளைக்கும் கல்யாணத்துக்கும் உங்கள் வீட்டில் அச்சு முறுக்கு சுடுவார்கள் அல்லவா? அரிசி மாவு, முட்டை, சர்க்கரை, தேங்காய்ப்பால். ஒரு சொட்டு மாட்டுப்பால் கிடையாது, ஆனால் மூன்று நாள் டப்பாவில் இருந்தாலும் நொறுங்கும். அதைச் சுடும் பெரியம்மாக்கள் அச்சை எண்ணெயிலேயே போட்டு நன்றாகக் காய வைத்துவிட்டுத்தான் மாவில் தொடுவார்கள், முதல் அச்சு ஒட்டிக்கொண்டால் "அச்சு இன்னும் காயல" என்று திரும்ப எண்ணெயில் வைப்பார்கள். மாவைக் குறை சொல்லவே மாட்டார்கள். வாஃபிள் என்பதும் இரண்டு சூடான அச்சுக்கு நடுவில் மாவு வேகிற பண்டம்தான். நான் கேட்டரிங் கல்லூரியில் படித்த அளவை விட்டுவிட்டு அச்சு முறுக்கின் வழியில் மாவைக் கலக்க ஆரம்பித்த பிறகுதான் என் பாலில்லாத வாஃபிள் தலைநிமிர்ந்தது. அரிசி மாவு மொறுமொறுப்பைக் கொடுக்கும், இரண்டாம் பால் தண்ணீரைக் கொடுக்கும், காய்ந்த அச்சு ஒட்டாமல் விடும்.

தேங்காய்ப்பால் எடுக்கும் விதம் முக்கியம். ஒரு நடுத்தரமான, முற்றிய தேங்காயைத் துருவி அரை தம்ளர் வெந்நீர் தெளித்து மிக்சியில் இரண்டு சுற்று விட்டுப் பிழிந்தால் முதல் பால். அதே சக்கையில் ஒன்றரை தம்ளர் தண்ணீர் ஊற்றித் திரும்ப அரைத்துப் பிழிந்தால் இரண்டாம் பால். வாஃபிளுக்கு முதல் பால் ஒரு பங்கு, இரண்டாம் பால் இரண்டு பங்கு. வடிகட்டி மட்டும் போதாது, மெல்லிய வேட்டித் துணியில் பிழியுங்கள். துணியில் பிழியாத பாலில் வரும் பொடித் துருவல் அச்சின் மேட்டில் உட்கார்ந்து கருகும், அது கருகிய இடத்தில்தான் அடுத்த வாஃபிள் பிடித்துக்கொள்ளும். பிரிட்ஜில் வைத்த பாலாக இருந்தால் வெளியே எடுத்து அறைச்சூட்டுக்கு வரவிட்டுக் கலக்குங்கள், இல்லாவிட்டால் கொழுப்பு கட்டி கட்டியாக நிற்கும்.

அளவு இதுதான், வட்ட வாஃபிள் ஐந்தாறு வரும். மைதா 180 கிராம், நைசான பச்சரிசி மாவு 60 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி, ஆப்ப சோடா ஒரே ஒரு சிட்டிகை. இதையெல்லாம் சலித்துக் கலந்துவிடுங்கள். இன்னொரு பாத்திரத்தில் 2 முட்டையின் மஞ்சள் கரு, கலந்த தேங்காய்ப்பால் 360 மில்லி, எண்ணெய் 4 மேசைக்கரண்டி. ஈரத்தை மாவில் ஊற்றி, கட்டி பெரிதாக இல்லாமல் போகிற அளவு மட்டும் கலக்குங்கள், சின்னச் சின்னக் கட்டி இருந்தால் இருக்கட்டும். மைதாவை ரொம்ப நேரம் அடித்தால் பரோட்டா மாவு மாதிரி இழுவை வந்து ரப்பராகும். முட்டை வெள்ளையைத் தனியாக நுரை நிற்கும்வரை அடித்துக் கடைசியில் அடியிலிருந்து மேலாகப் புரட்டிச் சேருங்கள், காலையில் நேரமில்லை என்றால் இதை விட்டுவிட்டு முட்டையை முழுதாகவே போடலாம், கொஞ்சம் கனமாக இருக்கும், கெட்டுப்போகாது. பதம் இட்லி மாவு மாதிரி, கரண்டியிலிருந்து தொப்பென்று விழாமல் வழிந்து இறங்க வேண்டும். இடியாப்பத்துக்கென்று வறுத்து வைத்த மாவைப் போடுகிறீர்கள் என்றால் அது கூடுதலாகக் குடிக்கும், இரண்டு மூன்று கரண்டி பால் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் ஊறவிடுங்கள்.

அந்தச் சிட்டிகை ஆப்ப சோடாவும் சர்க்கரையும் நிறத்துக்காக. மாவு லேசாகக் காரத்தன்மைப் பக்கம் போனால் சீக்கிரம் சிவக்கும். ஆனால் சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு வாடை அடிக்கும், பேக்கிங் பவுடரும் ஆப்ப சோடாவும் ஒன்றென்று நினைத்து இரண்டு தேக்கரண்டி சோடாவைப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், சோடா பவுடரைவிட மூன்று நான்கு மடங்கு வேகம் உள்ளது. சர்க்கரைக்குப் பதில் மாவிலேயே கருப்பட்டி போடலாமா என்று கேட்பீர்கள், சாயல்குடி கருப்பட்டி வீட்டில் இருக்கும்போது கை அதற்குத்தான் போகும். ஒரு மேசைக்கரண்டி தூள்வரை சரி. அதற்கு மேல் அச்சில் பாகாகி ஒட்டும், உள்ளே வேகும் முன் வெளியே கறுக்கும். கருப்பட்டியை மேலே ஊற்றிக்கொள்வதே நல்லது.

எண்ணெய்க்கு நான் போடுவது தேங்காயெண்ணெய் அல்லது கடலையெண்ணெய். தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழேதான் உறையும், நம் கடற்கரையில் மார்கழி விடியற்காலை தவிர அந்தக் கவலை இல்லை. வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கிற பிள்ளைக்குச் செக்கில் ஆட்டிய கடலையெண்ணெய் கூடாது, அதில் கடலைப் புரதம் இருக்கும், பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் சிலருக்கு வேறு ஒவ்வாமையும் இருப்பதால் இதைச் சொல்கிறேன். அச்சில் தடவ, புட்டியிலிருந்து பீய்ச்சுகிற ஸ்பிரே வேண்டாம். அதில் பெரும்பாலும் லெசித்தின் இருக்கும், அது ஒட்டாத பூச்சின் மேல் பிசின் மாதிரி படிந்து இரண்டு மாதத்தில் தட்டையே கெடுத்துவிடும். ஒரு துணிச் சுருணையில் எண்ணெய் தொட்டு, தோசைக்கல்லுக்குத் தடவுகிற மாதிரி மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தடவுங்கள்.

இனி அந்த அச்சு. பச்சை விளக்கு எரிந்துவிட்டது என்று உடனே ஊற்றாதீர்கள். விளக்கு எரிந்த பிறகும் மூடியே வைத்து இன்னும் மூன்று நான்கு நிமிஷம் விடுங்கள், இரும்பு முழுக்கச் சூடு ஏற வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் தோசைக்கல்லில் போல முத்தாக உருண்டோட வேண்டும், சொய்ங் என்று அங்கேயே உட்கார்ந்து காய்ந்தால் இன்னும் ஆகவில்லை. நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு, வோல்ட்டேஜ். சூடாக்கும் சாதனத்தின் சக்தி வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு குறையும். 230 வோல்ட்டுக்கு 900 வாட் என்று எழுதியிருக்கும் சாதனம், லைனில் 190 வோல்ட்தான் வருகிறது என்றால் ஏறக்குறைய 610 வாட்டில்தான் ஓடும். முதல் வாஃபிள் வெந்துவிடும், இரண்டாவது ஊற்றும்போது தட்டு குளிர்ந்து பழைய சூட்டுக்கு வர முடியாமல் திணறும், அது ஒட்டும். எங்கள் தெருவில் காலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் மோட்டார் ஓடும்போது இது நடக்கும், அதனால் நான் ஆறு மணிக்கே சுட்டு முடிப்பேன். ஒவ்வொரு வாஃபிளுக்கு நடுவிலும் மூடி வைத்து இரண்டு நிமிஷம் காயவிடுங்கள், அவ்வளவு பொறுத்தால் போதும்.

மாவு ஊற்றி மூடியதும் பக்கவாட்டில் ஆவி பீறிட்டு வரும். அந்த ஆவி நிற்கும்வரை மூடியில் கை வைக்கக் கூடாது. நாலு நிமிஷமோ ஆறு நிமிஷமோ, கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், ஆவியைப் பாருங்கள். ஆவி போய்க்கொண்டிருக்கிறது என்றால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, அப்போது திறந்தால் நடு பாகம் கட்டியாகாத நிலையில் மேல் தட்டு ஒரு பக்கமும் கீழ்த் தட்டு ஒரு பக்கமும் இழுக்கும், சூடு குறைந்த அச்சோடு இதுவும் உங்களுக்கு நடந்திருக்கலாம். ஆவி அடங்கிய பிறகும் மூடியை லேசாகத் தூக்கிப் பாருங்கள், எதிர்ப்பு தெரிந்தால் மூடி இன்னும் ஒரு நிமிஷம். வெந்த வாஃபிள் தானாக விடும், கத்தியால் நெம்ப வேண்டியிருக்காது.

எடுத்தவுடன் தட்டில் வைக்காதீர்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் நல்ல வாஃபிள் கெடுவது இங்கேதான். சூடான வாஃபிளின் அடியில் ஆவி வியர்த்து அதே ஆவியை அது திரும்பக் குடித்து இரண்டு நிமிஷத்தில் துவண்டுவிடும், கடல்காற்றின் ஈரம் வேறு. கேக் ஆறவைக்கும் கம்பி வலை வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். உங்கள் வீட்டில் பிரம்பு இடியாப்பத் தட்டு இருக்குமே, அதைக் கவிழ்த்துப் போட்டு மேலே வையுங்கள், இரண்டு பக்கமும் காற்று போகும். ஒன்றின்மேல் ஒன்று அடுக்க வேண்டாம். விடுதியில் கம்பி வலை துருப்பிடித்துப் போனதிலிருந்து நான் பயன்படுத்தியது இடியாப்பத் தட்டைத்தான், இன்றைக்கும் அதுதான்.

பேக்கிங் பவுடரைச் சந்தேகப்படுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் குடித்து அது சீக்கிரம் செத்துவிடும். ஒரு தேக்கரண்டியைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டால் உடனே நுரைத்துப் பொங்க வேண்டும், சோம்பலாக நாலு குமிழி விட்டால் தூக்கிப் போட்டுவிட்டுச் சின்ன பாக்கெட்டாகப் புதிது வாங்குங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடு என்றால் தேங்காய்ப்பால் பிழிய குடிதண்ணீரையே எடுங்கள், இல்லாவிட்டால் மாவில் போடும் உப்பைப் பாதியாக்க வேண்டியிருக்கும்.

மற்ற பால்களைக் கேட்டிருந்தீர்கள். சோயா பாலில் புரதம் மாட்டுப்பாலுக்குக் கிட்டத்தட்ட சமம், நன்றாகச் சிவக்கும், ஆனால் சிலருக்குச் சோயாவும் ஒவ்வாது. ஓட்ஸ் பாலில் மாவுச்சத்து உடைந்து இனிப்பாகியிருப்பதால் அதுவும் நிறம் கொடுக்கும். பாதாம் பால் கடையில் வாங்குவது பெரும்பாலும் தண்ணீர், அந்த விலைக்கு நான் வாங்க மாட்டேன். மூன்றிலும் தேங்காயின் கொழுப்பு இல்லை, எண்ணெயை ஒன்றரை மேசைக்கரண்டி கூட்ட வேண்டும். எங்கள் கடற்கரையில் தேங்காய் இருக்கும்போது எதற்கு என்பதுதான் என் எண்ணம், அது என் எண்ணம் மட்டுமே. மைதாவுக்குப் பதில் கேழ்வரகு மாவு பாதி போட்டு எத்தனையோ தடவை செய்திருக்கிறேன், ருசி நன்றாக இருக்கும், மொறுமொறுப்பு எனக்குத் திருப்தியாக வரவில்லை. கால் பங்கு வரை போட்டால் குறை தெரியாது. முட்டையும் ஆகாத பிள்ளையாக இருந்தால் இந்த மாவோடு போராடாமல், புளித்த தோசை மாவு இரண்டு தம்ளரில் ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயும் கலந்து, தண்ணீர் சேர்க்காமல், காய்ந்த அச்சில் ஊற்றிவிடுங்கள். வெளியே முறுகலாக, உள்ளே இட்லி மாதிரி வரும். வெங்காயமும் கிள்ளிய முண்டு மிளகாயும் வதக்கிப் போட்டால் பெரியவர்களுக்கும் பிடிக்கும், மீன் குழம்போடு நான் சாப்பிடுவது இதைத்தான்.

பள்ளிக்கூட நாளில் எப்படி நேரம் கிடைக்கும் என்று கேட்டால், காய்ந்த பொருள்களை முந்தின இரவே கலந்து டப்பாவில் மூடிவிடுங்கள், தேங்காயைத் துருவிப் பிரிட்ஜில் வையுங்கள், காலையில் பிழிந்து கலக்கப் பத்து நிமிஷம். பிழிந்த பாலை இரவு வெளியே வைத்தால் புளித்துவிடும், நம் வெக்கைக்கு இரண்டு மணி நேரமே அதிகம். சிலர் ஈஸ்ட் போட்டு இரவு ஊறவைப்பார்கள், மாவு அருமையாகப் பொங்கும், அப்படிச் செய்தால் இரவு மாவைத் தண்ணீரில் மட்டும் கரைத்துவிட்டுத் தேங்காய்ப்பாலைக் காலையில் சேருங்கள். ஆப்பத்துக்கு நம் அம்மாக்கள் செய்வதும் அதுதானே. அந்த ஈஸ்ட் வாஃபிளுக்கு அளவு உங்களுக்கு வேண்டுமென்றால் தனியாகச் சொல்கிறேன், வெயில் காலத்துக்கும் மழைக்காலத்துக்கும் அது மாறும்.

மேலே ஊற்ற, கருப்பட்டி 100 கிராமை அரை தம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, ஒரு துண்டு தட்டிய சுக்கு போட்டுத் தேன் பதத்துக்குக் காய்ச்சினால் ஒரு வாரம் இருக்கும். அதன்மேல் மிச்சமிருக்கும் முதல் பாலை ஒரு கரண்டி ஊற்றுங்கள். தொதலும் வட்டிலாப்பமும் தின்று வளர்ந்த பிள்ளைக்கு அந்த வாசனை புதிதாக இருக்காது. ஆனால் ஒன்று, தேங்காய்ப்பால் சமையலுக்குத்தான் பாலின் இடத்தில் நிற்கும், சத்தில் நிற்காது. அதில் கால்சியம் மிகக் குறைவு. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, முள்ளோடு தின்கிற நெத்திலியிலும் முருங்கைக்கீரையிலும் உண்டு. எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை, அந்த ஒவ்வாமை பற்றிக் கேட்கப் போகும்போதே டாக்டரிடம் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

மிச்சமான வாஃபிளை முழுக்க ஆறவிட்டு, நடுவில் பட்டர் பேப்பர் வைத்து டப்பாவில் போட்டு பிரீசரில் வைத்தால் மூன்று நான்கு வாரம் தாங்கும். பட்டர் பேப்பரில் வெண்ணெய் எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம், பெயர்தான் அப்படி. எடுத்து உருகவிடாமல் நேராகச் சின்னத் தீயில் தோசைக்கல்லில் போட்டு, மூடாமல், பக்கத்துக்கு இரண்டு நிமிஷம். மைக்ரோவேவில் வைத்தால் துவண்டுவிடும். பள்ளிக்கு டிபன் பாக்ஸில் கொடுத்தனுப்புவதாக இருந்தால் சூடாக மூடாதீர்கள், இடியாப்பத் தட்டில் ஆறிய பிறகு மூடுங்கள், பாகைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.